புற்றுநோய் கூடியவை

கொழும்பில் தமிழ்ப் பிழை பிடிப்பதில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. நல்ல பெயர் என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸில், வங்கியில், அலுவலக வாசலில் எங்கே பிழையான தமிழைக் கண்டாலும் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டு, கீழே நாலு வரி நக்கலாக எழுதாவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஒருமுறை ஒரு லிப்டில் 'பழுது, பாவிக்கவும்' என்று ஒட்டியிருந்தார்கள். அதைப் போட்டு நான் வாங்கிய சிரிப்புக்கு அளவில்லை. 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லை விட்டவனுக்கு வேலை கொடுத்தது யார், அவனைத் தமிழ்த் தாயே மன்னிப்பாளா என்றெல்லாம் எழுதினேன். அந்தப் பதிவு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அழிக்க எனக்குக் கை வரவில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் என் கடை. 'ஸ்ரீலேகா ஏகப்பன், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்' என்று பலகை தொங்கும். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, பொலிஸ் அறிக்கை என்று வெளிநாடு போகிறவர்களின் காகிதங்கள்தான் வரும். மூன்று மொழியிலும் மாற்றி, சரியான மொழிபெயர்ப்பு என்று சான்று எழுதி, கையெழுத்து வைத்து, வட்ட முத்திரை சீலைக் குத்திக் கொடுப்பேன். அந்தச் சீலுக்குத்தான் சனம் வரும். என் தமிழுக்காக ஒருவரும் வருவதில்லை.

செப்டெம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணியளவில் ஒரு மனிதர் வந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் ஒருகொடவத்தைக் கொள்கலன் யார்டின் அடையாள அட்டை. அதில் கிருபாகரன் என்று இருந்தது. கையில் நாலாக எட்டாக மடித்த ஒரு மெல்லிய இங்கிலீஸ் காகிதம், மருந்துப் பெட்டிக்குள் வைப்பார்களே, அது.

"இதத் தமிழ்ல மாத்தித் தரணும் மிஸ். சீல் குத்தித் தரணும்."

"மருந்துக் காகிதத்துக்கு சீல் எதுக்கு? எந்த எம்பஸிக்குக் குடுக்கப் போறீங்க?" என்றேன். என் வாய் அப்படித்தான்.

"எம்பஸிக்கு இல்லீங்க. வீட்டுக்காரிக்கு."

அவர் சிரிக்கவில்லை. கதிரையின் நுனியில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். மனைவி பெயர் ரதி, முப்பத்தெட்டு வயது. இரண்டு வருஷத்துக்கு முன் மார்பில் கட்டி வந்து சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். பிறகு கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, ஐந்து வருஷத்துக்குத் தினம் ஒன்று போடச் சொல்லி ஒரு குளிசை கொடுத்திருக்கிறார்கள். தமொக்சிபென். நோய் திரும்பி வராமல் இருக்கத்தான் அது.

"பெப்ரவரியில நிப்பாட்டிட்டா மிஸ். எனக்குப் போன கிழமதான் தெரியும். மாசா மாசம் கிளினிக் போயி வாங்குறா, வாங்கி பால்மா டின்னுக்குள்ள போட்டு மூடி வைக்கிறா. ஏழு மாசத்துக் குளுச அப்பிடியே இருக்கு. கேட்டா இதத் தூக்கிக் காட்டுறா."

பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட ஒரு துண்டுப்பிரசுரத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஊதா நிற விளிம்பு. மேலே ரிப்பன் படம். நடுவில் பெரிய எழுத்தில் 'புற்றுநோய் கூடியவை' என்று இருந்தது. கீழே ஒரு பட்டியல்: புகைத்தல், பாக்கு, மதுபானம், அஸ்பெஸ்டஸ் தூள், டீசல் புகை, வெயில். கடைசியில், 'தமொக்சிபென் போன்ற சில மருந்துகள்'.

அதை எழுதியது நான்.

"இத எழுதினது யாருன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்" என்றார் கிருபாகரன். குரலில் கோபம் இருந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியாத கோபம். "டொக்டர் சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறா. அச்சடிச்சதத்தான் நம்புவேங்கிறா."

"யாரோ விளங்காம எழுதியிருக்கினம்" என்றேன். ஊர் முழுக்கப் பிழை பிடித்தவளுக்கு அந்த நேரத்தில் 'நான்தான்' என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாளில் வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரியில் நிம்றா என்னைக் கூப்பிட்டாள். சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிற பிள்ளை. பெப்ரவரி புற்றுநோய் தினத்துக்கு மூன்று மொழியில் துண்டுப்பிரசுரம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றிலும் கொடுக்கப் போகிறோம், தமிழை நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றாள். இங்கிலீஸ் மூலம் நன்றாகத்தான் இருந்தது. எந்தெந்தப் பொருள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலக அளவில் ஆராய்ச்சியாளர்கள் கூடி ஆதாரங்களைப் பார்த்து வகைப்படுத்துகிறார்கள். அந்த வகைகளில் முதலாம் வகுதி என்றால் ஆதாரம் உறுதியானது என்று அர்த்தம். அவ்வளவுதான் அர்த்தம். எவ்வளவு கூடுதலாக வரும், யாருக்கு வரும் என்பது அந்தப் பட்டியலின் வேலை இல்லை. சிகரெட்டும் தமொக்சிபெனும் ஒரே வகுதியில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு கெடுதி என்று ஆகிவிடாது. அந்தக் குளிசை கருப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது, ஆகவே பட்டியலில் இருக்கிறது. மார்பில் வந்தது திரும்பி வருவதை அதைவிட எத்தனையோ மடங்கு தடுக்கிறது, ஆகவே டொக்டர்மார் கொடுக்கிறார்கள். இங்கிலீஸ் மூலத்தின் அடியில் சிறிய எழுத்தில் இரண்டு வரி இருந்தது. 'இது ஆதாரத்தின் உறுதியைச் சொல்லும் பட்டியல், ஆபத்தின் அளவைச் சொல்வதல்ல. வைத்தியர் தந்த எந்த மருந்தையும் இதைப் பார்த்து நிறுத்த வேண்டாம்.'

நான் தலைப்பை 'மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என உறுதிசெய்யப்பட்டவை' என்று எழுதினேன். அடி வரிகளையும் அழகாக எழுதினேன். பக்கம் அமைக்கிற சிங்களப் பொடியன் மறுநாள் கூப்பிட்டான். "மிஸ், தெமள திக வெடியி." தமிழ் நீளம் கூட. அதை எத்தனை வருஷமாகக் கேட்கிறேன். சிங்களத்துக்கும் இங்கிலீஸுக்கும் பெட்டியை வரைந்துவிட்டு, தமிழை அதற்குள் திணிக்கச் சொல்லுவார்கள். வழக்கமாகச் சண்டை பிடிப்பேன். பெட்டியைப் பெரிதாக்கு, எழுத்தை வெட்டாதே என்று கத்துவேன். அன்றைக்குப் பின்னேரம் எனக்குத் தலையிடி. வாசலில் மூன்று பேர் விசா காகிதத்தோடு நின்றார்கள். சரி தம்பி, தலைப்பை இரண்டு சொல்லாக்குகிறேன், அடிக்குறிப்பைத் தூக்கிவிடு, டொக்டரைக் கேட்காமல் எவர் மருந்தை நிறுத்தப் போகிறார்கள் என்றேன். அப்படித்தான் சொன்னேன். என் காதில் அந்தக் குரல் இன்னும் கேட்கிறது.

'உண்டாக்கக்கூடியவை' என்பதில் 'உண்டாக்க'வை வெட்டிவிட்டு, 'புற்றுநோய் கூடியவை' என்று அனுப்பினேன். கச்சிதமாகப் பெட்டிக்குள் உட்கார்ந்தது. எனக்கு அதில் பெருமை வேறு. முழுசாக இருந்தபோது அது 'உண்டாக்க வல்லவை' என்ற சொல். வெட்டியபோது அது எங்கள் ஊர்க் 'கூட' ஆகிவிட்டது. சீனி கூடிய தேத்தண்ணி, கொழுப்புக் கூடிய இறைச்சி, விலை கூடிய சாரி. இந்த ஊரில் எந்தத் தமிழச்சி வாசித்தாலும் புற்றுநோய் நிறைந்து கிடக்கிற பொருள் என்றுதான் விளங்கிக்கொள்வாள். நான் வாசித்திருந்தாலும் அப்படித்தான் விளங்கியிருப்பேன். ஆனால் நான் வாசிக்கவில்லை, எழுதினேன்.

நிம்றாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நாலாயிரம் அடிச்சது அக்கா. கொட்டாஞ்சேனை, மாளிகாவத்தை எல்லாம் குடுத்து முடிஞ்சி. இப்ப எங்க பெய்த்து தேடுற?"

"திருத்தம் அடிச்சு அதே இடங்களுக்குக் குடுங்க. நான் எழுதித் தாறன்."

"மேல கேட்டுப் பாக்கிறன்" என்றாள். அவள் அழுகிறாள் என்று விளங்கியது. அழுது என்ன பயன் என்று அவளைக் கத்தினேன். பிறகு நானும் அழுதேன். மேலே இருந்தவர்கள் அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார்களாம். நானே ஐந்நூறு திருத்தத் துண்டுகள் அடித்துக் கொட்டாஞ்சேனைப் பக்கம் கோயில் வாசலிலும் தேவாலய வாசலிலும் கொடுத்தேன். ஊதா விளிம்புக் காகிதம் நினைவிருக்கிறதா என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்றார்கள். மீதிப் பேர் நான் ஏதோ விற்க வந்ததாக நினைத்து விலகிப் போனார்கள்.

இதற்கெல்லாம் முன்பே, இரண்டாம் நாள் கிருபாகரன் திரும்பி வந்தபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் எழும்பி நின்றார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திரும்பவும் உட்கார்ந்து, "அப்ப நீங்களே வந்து சொல்லுங்க மிஸ். எழுதினவங்களே பிழைன்னு சொன்னா நம்புவா" என்றார். அந்த மனிதருக்கு என்மேல் கோபப்படக்கூட நேரம் இருக்கவில்லை.

அவர்கள் வீடு கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு தோட்டத்தில்; நெருக்கமான குடியிருப்பைக் கொழும்பில் அப்படித்தான் சொல்வோம். வரிசையாக ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகளில் நாலாவது. ரதி வாசலிலேயே நின்றாள். மெலிந்திருந்தாலும் தெளிவான முகம். பக்கத்தில் ஐம்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒருத்தி இருந்தாள். பழனியம்மா, அடுத்த தோட்டம், பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டித் துடைக்கிற வேலை. இருவரும் ஒரே கிளினிக், ஒரே குளிசை, மாதம் ஒருமுறை ஒரே பஸ்ஸில் போய் வருகிறவர்கள். பழனியம்மா குளிசையை நிறுத்தவில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க" என்றாள். "டொக்டர் போடச் சொன்னாரு, போட்டுக்கிட்டிருக்கேன். இவதான் நிறுத்து நிறுத்துன்னு உசிர எடுக்கிறா."

நான் ரதிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல் என்ன, வகுதி என்ன, குளிசை ஏன் அதில் இருக்கிறது. வெள்ளவத்தைக் கடலைச் சொன்னேன். "கடல்லயும் ஒராள் மூழ்கலாம், வாளித் தண்ணியிலயும் மூழ்கலாம். அந்தப் பட்டியல் எதில எல்லாம் மூழ்கலாம் எண்டு மட்டும்தான் சொல்லுது. எதில எவ்வளவு தண்ணி எண்டு சொல்லேல்ல."

"வாளித் தண்ணியில தலைய வைக்கச் சொல்லி யாரும் சொல்றதில்லையே மிஸ். இத தெனம் முழுங்கச் சொல்றாங்களே."

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அவள் கேட்டதும் நியாயமாகத்தான் இருந்தது. அவளுக்குக் குளிசை போட்ட காலத்தில் உடம்பு தகித்திருக்கிறது, தீட்டுக் குழம்பியிருக்கிறது. அதெல்லாம் அந்தக் குளிசைக்கு வருகிறதுதான். அவளோ காகிதத்தை வாசித்ததும் எல்லாவற்றுக்கும் விடை கிடைத்தது என்று நினைத்திருக்கிறாள்.

"அந்தக் காகிதத்த எழுதினது நான், ரதி. பிழையா எழுதிட்டன். பெட்டிக்குள்ள அடங்கேல்ல எண்டு ரெண்டு வரிய வெட்டிட்டன். தலைப்பையும் வெட்டிட்டன்."

அவள் கண்களை அகல விரித்து என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நீங்களா எழுதினீங்க?" என்றாள். "அவ்வளவு நல்லா வெளங்கிச்சு மிஸ். ஆஸ்பத்திரியில தர்ற எதுவும் எனக்கு வெளங்காது. கிளினிக் கொப்பியில இங்கிலீஸ், போர்டுல சிங்களம். ரெண்டு வருசத்துல எனக்கு வெளங்குன ஒரே காகிதம் அதுதான்."

அந்த இடத்தில் எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. இருபது வருஷமாக எந்தப் பாராட்டுக்காக நான் ஏங்கினேனோ அதையே அவள் எனக்குத் தந்தாள்.

அதன் பிறகு ஏழெட்டுத் தடவை போனேன். கடையை அரை நாள் பூட்டிவிட்டு 155 பஸ்ஸைப் பிடித்தும் ஓட்டோவிலும் போனேன். கிளினிக்குக்கும் கூடப் போனேன். டொக்டர் நல்ல மனிதர், நேரம்தான் இல்லை. நான் தமிழில் சொல்ல, அவர் இங்கிலீஸில் சொல்ல, ரதி தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து குளிசையை டின்னுக்குள் போட்டாள். பன்னிரண்டு வயது மகள் இருக்கிறாள், அவளை நினை என்று கெஞ்சினேன். "அவள நெனச்சுத்தானே மிஸ் நிப்பாட்டினேன்" என்றாள்.

கடைசியில் வழியைச் சொன்னது அவள்தான். "வாயால சொல்றீங்க. எழுதித் தாங்க. பாஸ்போட் காகிதத்துக்குக் குத்துற அந்த சீலக் குத்தித் தாங்க. பொய் எழுதினா அதுக்கு கேஸ் போடலாமாமே."

"ஓம். போடலாம்."

அன்றைக்கே கடைக்கு ஓடினேன். இங்கிலீஸ் மூலத்தை ஒரு சொல் விடாமல் தமிழில் எழுதினேன். வெட்டிய இரண்டு வரியையும் தடித்த எழுத்தில் போட்டேன். சான்று எழுதி, கையெழுத்து வைத்து, சீலைக் குத்தினேன். ஒன்றுக்கு மூன்று இடத்தில் குத்தினேன். ரதி அதை விரலால் தடவிப் பார்த்தாள். வாசித்தாள். ஒக்டோபர் நாலாம் தேதி காலை என் முன்னாலேயே ஒரு குளிசையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். கிருபாகரன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்தார். நான் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதுகொண்டு வந்தேன். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

ஆறு கிழமை தினமும் காலையில் கிருபாகரன் எனக்கு ஒரு மெசேஜ் போடுவார். 'போட்டாச்சு'. அந்த ஒரு சொல் வந்தால்தான் எனக்கு அன்றைய நாள் தொடங்கும். நவம்பர் நடுவில் ஒருநாள் அது வரவில்லை. நான் கூப்பிட்டேன். ரதிக்கு முதுகில் வலி, வலது பக்கம் பாரமாக இருக்கிறது என்று ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். ஈரலில் பரவியிருந்தது, முதுகெலும்பிலும்.

டொக்டரிடம் தனியே நின்று கேட்டேன். அந்த ஏழு மாதம்தான் காரணமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குளிசை போட்டிருந்தாலும் சிலருக்குத் திரும்பி வரும், உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நிறுத்தியது நல்லதில்லை என்றார். இந்த ஆறு கிழமையில் குளிசை கொண்டுவந்ததா என்றும் கேட்டேன். இல்லவே இல்லை, இது அதற்கு முதலே தொடங்கியது என்றார். அதில் மட்டும் அவருக்குச் சந்தேகம் இல்லை. முதல் பதிலில் ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நான் எத்தனையோ நாள் விழித்துக் கிடந்தேன். 'சிலருக்கு'. அவள் அந்தச் சிலரில் ஒருத்தியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என்னைக் காப்பாற்ற அவளுடைய நோய் அவளுடையதாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட கேவலத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

டிசெம்பர் இரண்டாம் கிழமை போனபோது ரதி முன்னறையில் படுத்திருந்தாள். கண் மஞ்சள். வயிறு உப்பி, கைகள் குச்சியாகிவிட்டன. பழனியம்மா வேலைக்குப் போகாமல் அவளுடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். முந்தின நாள்தான் தனியே கிளினிக் போய் வந்தவள். இவள் இல்லாமல் பஸ்ஸில் போக ஒரு மாதிரி இருந்தது என்று என்னிடம் சொன்னாள். தலையணைக்குப் பக்கத்தில் இரண்டு காகிதமும் இருந்தன, ஊதா விளிம்புக் காகிதமும் சீல் குத்தியதும்.

"மிஸ், உக்காருங்க" என்றாள் ரதி. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "உங்க மேல எனக்குக் கோவமே இல்ல. இத உங்ககிட்டச் சொல்லணும்னுதான் அவருகிட்ட வரச் சொன்னேன்."

"ரதி..."

"நீங்க மொதல்ல எழுதினது ஊருக்கு. பெறகு எழுதினது எனக்கு. ஊருக்கு எழுதுறப்ப யாரும் பொய் எழுத மாட்டாங்க. அவரு வந்து உங்க கடையில அழுதிருப்பாரு. நீங்களும் மனசு கேக்காம எழுதிக் குடுத்தீங்க. எனக்குத் தெரியும்."

"இல்ல. அப்பிடி இல்ல ரதி."

"ஏழு மாசம் போடாம இருந்தேன், ஒண்ணும் இல்ல. ஆறு கெழம போட்டேன், பாருங்க."

அவள் கணக்கில் பிழை எங்கே என்று எனக்குத் தெரியும். அந்த ஏழு மாதத்தில்தான் அது உள்ளே சத்தமில்லாமல் வளர்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், நீ நிறுத்தியதால்தான் சாகிறாய் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னதாகும். இன்னும் சில நாள் இருக்கப் போகிறவளிடம் அதைச் சொல்ல எந்த மொழியில் எனக்கு வார்த்தை இருக்கிறது? சொல்லாமல் விட்டால், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கிற பழனியம்மாவும் குளிசையை நிறுத்திவிடுவாள். நான் வாயைத் திறந்தேன்.

"குளிசையால வரேல்ல. டொக்டர் அடிச்சுச் சொன்னவர். இது முந்தியே வந்தது. பிழை என்ட. முழுக்க என்ட."

ரதி என் கையைப் பிடித்துத் தட்டினாள், சின்னப் பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. "பாருங்க, இப்பவும் எனக்காகத்தான் கதைக்கிறீங்க."

பிறகு அவள் பழனியம்மாவின் பக்கம் திரும்பினாள். அதற்கே அவளுக்கு நேரம் எடுத்தது.

"அக்கா, கைய நீட்டு. இனிமே அந்தக் குளுச போடமாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணு."

"பழனியக்கா, வேணாம்" என்றேன். "சத்தியம் செய்யாதேங்க. உங்கள அந்தக் குளிசைதான் உசிரோட வச்சிருக்கு. மூண்டு வருசமாச் சுகமா இருக்கிறீங்க."

பழனியம்மா என்னைப் பார்த்தாள். ரதியைப் பார்த்தாள். மஞ்சள் கண்ணோடு கையை நீட்டிக்கொண்டு கிடந்த ரதியைப் பார்த்துவிட்டு எவர்தான் மறுக்க முடியும்? அவள் விம்மிக்கொண்டே தன் கையை ரதியின் கையில் அடித்தாள். ரதி கண்ணை மூடிக்கொண்டாள். பல நாளாக அவள் முகத்தில் இல்லாத நிம்மதி அப்போது வந்தது. அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பழனியம்மா எழும்பி வெளியே போனாள். நான் செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் ஓடி, தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்தேன். கையைப் பிடித்தேன், பிறகு காலையும் பிடிக்கப் போனேன். தண்ணீருக்கு நின்ற பெண்கள் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் இருக்கவில்லை. எல்லாவற்றையும் திரும்பவும் சொன்னேன், பட்டியலை, வெட்டிய வரிகளை, டொக்டர் சொன்னதை. வேகமாகச் சொன்னேன், கெட்டியாகச் சொன்னேன், குழறினேன். ஒரு வசனமாவது அவளுக்குள் போகாதா என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"நீங்க சொல்றது மெய்யாத்தான் இருக்கும் அம்மா. நா இல்லேங்கல. ஆனா சாகப் போற புள்ளைக்கு சத்தியம் குடுத்துட்டேன். காகிதத்துல இருந்தா நீங்க திருத்தலாம். இத எங்க போயித் திருத்த?"

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, முந்தின நாள் கிளினிக்கில் வாங்கிய காகித உறையை எடுத்தாள். கண்ணில் படாமல் நீங்களே வைத்திருங்கள் என்று என் கையில் வைத்துவிட்டு, ரதிக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும் என்று உள்ளே போனாள்.

கையில் பிடித்தபடி அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறையைத் திறந்து பார்த்தேன். முப்பதில் இருபத்தொன்பது இருந்தது. காலையில் அவள் ஒன்று போட்டிருக்கிறாள்.